பாதி ரேட்டுக்குப் புல் வெட்டுறவனைப் பார்த்து நாமும் இறங்கி வரணுமா?

சாணைக்கல்:
"புல் வெட்டுறதுல என்ன பெரிய செலவு? மெஷின் இருக்கு, பெட்ரோல் ஊத்தினா ஓடுது, அரை மணி நேர வேலை. இதுக்கு மேல கேக்குறவன் கஸ்டமரை ஏமாத்துறான்" என்று அரைமணி_வேலை நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனியாகக் கேட்கிறேன்.

ஐயா, அந்த மெஷினின் பிளேடை எப்போது சாணை பிடித்தீர்கள்? 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிடிக்க வேண்டும். மழுங்கின பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். வெட்டிய அன்றைக்குப் பச்சையாகத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்துப் போய்க் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு இதழின் நுனியும் நார் நாராகக் கிழிந்து, வெளுத்து, பழுப்பேறிக் கிடக்கும். நின்று பார்த்தால் தரை முழுக்கத் தூசி படிந்த மாதிரி இருக்கும். கஸ்டமர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுவார். கிழிந்த நுனி வழியாக நோய் இறங்கும். பாதி ரேட்டு வேலையின் லட்சணம் இது. இவர்களைப் பார்த்து நான் ரேட்டைக் குறைக்கணுமாம்!

அரைமணி_வேலை:
பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன். நான் சாணை பிடிக்கிறதில்லைன்னு யார் சொன்னா? என் ஷெட்டுக்குள்ள வந்து பார்த்தீங்களா?

சரி, உங்க கணக்குக்கே வரேன். 25 மணி நேரம்னா, ஒரு புல்தரைக்கு அரை மணி வீதம் 50 தரை. ஒரு சாணைக் கூலியை 50-ஆப் பிரிச்சா ஒரு தரைக்கு என்ன வரும்? சில்லறைகூடத் தேறாது. அதைக் காட்டி ரெண்டு மடங்கு கேட்பீங்களா? ஏமாத்துறதுன்னு நான் சொன்னது இதைத்தான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பிளேடை விட்டு இறங்கினால் நல்லது. செலவு பிளேடில் இல்லை, வழியில் இருக்கிறது. அரை மணி என்பது மெஷின் ஓடுகிற நேரம் மட்டும்தான். வண்டியில் ஏற்றுவது, போவது, இறக்குவது, மெஷின் எட்டாத ஓரங்களை டிரிம்மரால் வெட்டுவது, நடைபாதையில் சிதறியதை ஊதித் தள்ளுவது, காசுக்கு நாலு முறை நினைவூட்டுவது, இதெல்லாம் யார் தலையில்?

ரேட்டைக் குறைப்பவர்கள் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 வாங்கி, செலவெல்லாம் போக 30 நிற்கிறது என்று வையுங்கள். 10% குறைத்தால் 20தான் நிற்கும். பழைய லாபத்தைப் பிடிக்க 10 தரைக்குப் பதில் 15 தரை வெட்ட வேண்டும். பாதி ரேட்டுக்கு இறங்கினால் ஒவ்வொரு தரைக்கும் 20 கையை விட்டுப் போகும். எத்தனை தரை வெட்டினாலும் அந்த நஷ்டம் ஈடாகாது, கூடத்தான் செய்யும்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். இரண்டு பேரும் 'ஒரு தரை' என்கிறீர்களே, அது எத்தனை சதுர மீட்டர்?

சாணைக்கல்:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் பேச்சு அதைப் பற்றியது இல்லை. அரைமணியார் 50 தரைக்கு ஒரு சாணை என்று ஒப்புக்கொண்டுவிட்டார், கவனித்தீர்களா? மணல் கலந்த தரையில் பிளேடு 25 மணி நேரம் தாங்காது. ஒரு கல்லில் அடித்தால் அன்றைக்கே போச்சு. 50 தரைக்கு ஒருமுறைதான் பிடிக்கிறார் என்றால் கடைசி 20 வீட்டுக்காரர்கள் காசு கொடுத்துப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரைமணி_வேலை:
25 மணி நேரம்னு ஆரம்பிச்சது நீங்க! இப்ப நீங்களே 25 தாங்காதுன்னு சொல்றீங்க. எந்தக் காலைப் பிடிக்கிறது?

கணக்குப்பிள்ளை சார், உங்க 30, உங்க செலவு. என் செலவு வேற. எனக்கு ஒரே தெருவுல வரிசையா வீடுங்க. காலையில வண்டியை நிறுத்தினா மதியம் வரைக்கும் சாவியைத் தொட மாட்டேன். ஒரு வீட்டுல வெட்டி முடிச்சு மெஷினைத் தள்ளிக்கிட்டே அடுத்த வீடு. சாணை சார் மாதிரி ஊருக்கு ஒரு கஸ்டமர் வெச்சுக்கிட்டு ரோட்டுலயே பெட்ரோலை எரிச்சா, ரேட்டு ஏறத்தான் செய்யும். மெஷின் கடனும் முடிஞ்சு போச்சு. செலவுக்கு மேல 20% வெக்கிறேன், 20% லாபம். எனக்கு அது போதும்.

கணக்குப்பிள்ளை:
தெருவைப் பற்றிச் சொன்னது நியாயமான பேச்சு. இந்த விவாதத்தில் இதுவரை வந்த ஒரே நியாயமான பேச்சும் அதுதான்.

ஆனால் 20% லாபம் என்றது தப்பு. 100 செலவு, மேலே 20 வைத்து 120 வாங்குகிறீர்கள். 120-இல் 20 என்பது 16.67%. வாங்குகிற காசில் 20% நிற்க வேண்டுமென்றால் 125 வாங்க வேண்டும். கடன் முடிந்த மெஷினும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த மெஷினுக்கான காசை இந்த மெஷின்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். அது உங்கள் 100-க்குள் இருக்கிறதா?

அரைமணி_வேலை:
மேல 20 வெச்சேன், 20ன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு கண்டீங்க? உங்க பேருக்கு ஏத்த மாதிரி நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டீங்க.

கணக்குப்பிள்ளை:
16.67.

களைக்கொல்லி:
நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன். யாராவது 25 மணி நேரம் கழித்து எழுப்புங்கள், இந்த விவாதத்தையே சாணை பிடிக்க வேண்டியிருக்கும்.

பச்சை_வாசல்:
நான் புல் வெட்டுகிற ஆள் இல்லை, காசு கொடுத்து வெட்டச் சொல்கிற ஆள். குறுக்கே பேசினால் மன்னிக்கவும். ரேட் கூடுதலாகக் கேட்டவரையும் வைத்துப் பார்த்தேன், குறைவாகக் கேட்டவரையும் பார்த்தேன். கூடுதல் ரேட்காரர் நன்றாக வெட்டுவார், ஆனால் சொன்ன நாளில் வரமாட்டார், போன் எடுக்கமாட்டார். குறைந்த ரேட்காரர் டாண் என்று வந்துவிடுவார், ஆனால் ஓரத்தைத் தொடவே மாட்டார், கேட்டால் அதற்குத் தனி ரேட் என்பார். நுனி வெளுத்திருக்கிறதா என்று நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. ரேட்டுக்குள் என்னென்ன வேலை சேர்த்தி என்று முதலிலேயே ஒருவர் எழுதிக் கொடுத்தால், நான் கொஞ்சம் கூடுதலாகக்கூடக் கொடுப்பேன்.

சாணைக்கல்:
பார்த்தீர்களா, கஸ்டமரே சொல்லிவிட்டார், கூடுதல் ரேட்காரர் நன்றாக வெட்டுவாராம். நுனியை நீங்கள் குனிந்து பார்ப்பதில்லை என்பதைத்தானே இவர்கள் முதலீடாக வைத்துத் தொழில் நடத்துகிறார்கள்! போன் எடுக்காததற்குக் காரணம், மெஷின் ஓடும்போது காது மூடி போட்டிருப்போம். அது பாதுகாப்பு.

அரைமணி_வேலை:
ராத்திரியும் காது மூடி போட்டுட்டுத் தூங்குவீங்களோ?

பழைய_உருளை:
தம்பிகளா, சுழலும் பிளேடு எதுவாக இருந்தாலும் புல்லை வேகத்தில் அடித்துத்தான் வெட்டும். கத்தரிக்கோல் போல இரண்டு இரும்புக்கு நடுவே வைத்து நறுக்குவது உருளை மெஷின். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கியதும் உருளை மெஷினுக்குத்தான். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் யந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. நீங்கள் இருவரும் சண்டை போடுகிற பிளேடே என் கணக்கில் மட்டம்.

அரைமணி_வேலை:
ஐயா, உங்க உருளையை முழங்கால் உயரப் புல்லுல இறக்கிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.

பழைய_உருளை:
முழங்கால் உயரம் வளரவிட்டது யார், தம்பி? ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அரிச்சுவடி. மாதம் ஒருமுறை வந்து மொட்டை அடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அரிச்சுவடி எதற்கு?

கணக்குப்பிள்ளை:
இது ரேட்டோடு சம்பந்தப்பட்டது, அதனால் பிடித்துக்கொள்கிறேன். வாராவாரம் வெட்டும் தரைக்கும் மாதம் ஒருமுறை வெட்டும் தரைக்கும் ஒரே ரேட் சொல்வதுதான் பாதிப் பேரின் நஷ்டத்துக்குக் காரணம். வளர்ந்து கிடந்தால் முதல் ஓட்டத்தில் மேலாக எடுத்து, சில நாள் விட்டு மறுபடி இறக்கி வெட்ட வேண்டும். அள்ள வேண்டிய புல்லும் அதிகம். அடிக்கடி வெட்டினால் துகள் பொடியாக விழும், தரையிலேயே விட்டுவிடலாம், மக்கி உரமாகும், அள்ளுகிற கூலியும் மிச்சம். இடைவெளிக்குத் தகுந்தபடி ரேட் போடுங்கள். மலிவு ரேட் ஆளோடு மல்லுக்கட்ட வேண்டியதே வராது.

மறுபடி கேட்கிறேன், எத்தனை சதுர மீட்டர்?

சாணைக்கல்:
இடைவெளி எதுவானாலும் பிளேடு மழுங்கியிருந்தால் எல்லாம் வீண். உருளை ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. உருளையைச் சாணை பிடிப்பது தனி வித்தை. சாணைப் பொடி கலந்த பசையைத் தடவிப் பின்னோக்கிச் சுற்றி, கீழ்த் தகட்டோடு இழைக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்தச் செலவையும் கஸ்டமரிடம்தானே வாங்க வேண்டும்? ஆகவே சுற்றி வந்தாலும் நான் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

பேட்டரி_பித்தன்:
பெட்ரோலை விட்டுத் தொலையுங்கள். ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் வேண்டாம், ஏர் ஃபில்டர் வேண்டாம். எல்லாம் மிச்சம், ரேட்டைத் தாராளமாகக் குறைக்கலாம்.

சாணைக்கல்:
பேட்டரி மெஷினுக்கும் பிளேடு உண்டு.

பேட்டரி_பித்தன்:
அதை யார் இல்லை என்றது?

சாணைக்கல்:
25 மணி நேரம் அதற்கும் உண்டு என்று சொல்கிறேன்.

களைக்கொல்லி:
இவர் தூக்கத்தில்கூட இருபத்தைந்து இருபத்தைந்து என்று புலம்புவார் போல.

அரைமணி_வேலை:
இவரோட 25 பைத்தியம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. போன தடவை டிரிம்மருக்குப் பெட்ரோல்ல கலக்குற டூ ஸ்ட்ரோக் ஆயில் பேச்சு வந்தப்பவும், பெட்டியில 50-க்கு 1ன்னு அச்சடிச்சிருக்க, இவர் 25-க்கு 1தான் சரின்னு நின்னார். லிட்டருக்கு 20 மில்லி போதும்கிற இடத்துல 40 ஊத்தச் சொன்னார். கேட்டு ஊத்தினவங்க டிரிம்மர் புகை கக்கி நின்னுச்சு. இன்னி வரைக்கும் அதைப் பத்தி வாயைத் திறக்கல.

சாணைக்கல்:
அது பழைய மாடல் எஞ்சினுக்குச் சொன்னது. அன்றைக்கே அப்படித்தான் எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அரைமணி_வேலை:
எழுதல.

சாணைக்கல்:
எழுதினேன்.

புதுசா_வந்தவன்:
வணக்கம் அண்ணன்களே. நான் இந்த வேலையை இப்பதான் தொடங்கியிருக்கேன். ஒரு வீட்டுல நான் சொன்ன ரேட்டுல பாதிக்கு இன்னொருத்தர் வெட்டறதாச் சொல்லிட்டாராம். வீட்டம்மா 'நீயும் அதே ரேட்டுக்கு வர்றியா'ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கு யாராவது வழி சொல்லுங்க.

சாணைக்கல்:
முதலில் உங்கள் பிளேடைப் பாருங்கள், தம்பி. மெஷினைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் மேலே வரட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில், ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை மண்டும். பிளேடைக் கழற்றி, பழைய சாய்வு கலையாமல் அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். சவரக்கத்தி மாதிரிக் கூராக்க வேண்டாம், விளிம்பு சீக்கிரம் மடங்கிவிடும். அப்புறம் சுவரில் ஒரு ஆணி அடித்து, நடு ஓட்டையில் பிளேடை மாட்டுங்கள். எந்தப் பக்கம் கீழே சாய்கிறதோ அந்தப் பக்கம் கனம், அங்கே இன்னும் கொஞ்சம் அராவுங்கள். இரண்டு பக்கமும் படுக்கையாக நிற்கும்வரை விடாதீர்கள். சமன் இல்லாத பிளேடு மெஷினையே உதற வைக்கும், போகப் போக பிளேடைச் சுழற்றும் கிராங்க் தண்டு காலி. இப்படிச் செய்த பிளேடோடு போய் நின்று ரேட் சொல்லுங்கள். தைரியம் தானாக வரும்.

புதுசா_வந்தவன்:
நன்றி அண்ணா. ஆனா அந்த அம்மாகிட்ட என்ன ரேட் சொல்றது?

பச்சை_வாசல்:
அவர் பாதி ரேட்டில் எதையெல்லாம் செய்கிறார் என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். ஓரமும் அள்ளுவதும் அதில் இருக்காது என்றே நினைக்கிறேன். அதே வேலையை மட்டும் செய்ய உங்களுக்கு எவ்வளவு கட்டுப்படியாகும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

அரைமணி_வேலை:
இருங்க இருங்க. அந்தப் பையன்கிட்ட பிளேடைக் கழட்டச் சொன்னீங்களே சாணை சார், ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கச் சொன்னீங்களா? மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன், எங்கயும் காணோம். பிளேடைக் கையால திருப்பும்போது எஞ்சின் பத்திக்கிட்டா விரல் இருக்குமா? இவர்தான் தொழில் சுத்தம் பேச வந்துட்டார்!

சாணைக்கல்:
மெஷினைத் தொடுகிற யாருக்கும் அது தெரிந்த விஷயம். தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

பழைய_உருளை:
புதுசாய் வந்தவன் என்று பையன் பெயரிலேயே வைத்திருக்கிறான், அவனுக்குத் தெரியும் என்கிறீர்களே. தம்பி, முதலில் பிளக் வயர், அப்புறம்தான் பிளேடு. உருளை மெஷினில் இந்தத் தொல்லையே கிடையாது.

சாணைக்கல்:
மோட்டார் வைத்த உருளையில் பிளக் இல்லையா?

பழைய_உருளை:
கையால் தள்ளுவதைச் சொன்னேன்.

சாணைக்கல்:
அப்படியென்றால் முதலிலேயே கையால் தள்ளுவது என்று சொல்லியிருக்க வேண்டும். வாசகர்களைக் குழப்பாதீர்கள்.

அரைமணி_வேலை:
அவர் எழுதாம விட்டா குழப்பம், நீங்க எழுதாம விட்டா தெரிந்த விஷயம். பிளக் வயருக்குப் பதில் சொல்லுங்க சார்.