அழைப்புக்கு எது நல்லது: இயர்பட்ஸா, தண்டு மைக் வைத்த ஹெட்செட்டா?

காலிவீதி: வெள்ளவத்தையில் வீடு, ஜன்னலைத் திறந்தால் காலி வீதி. காப்புறுதி வேலை என்பதால் நாள் முழுக்கப் போனில்தான் கதைக்கிறேன். இயர்பட்ஸில் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எதிர்முனையில் "பஸ் ஹோர்ன்தான் கேட்குது" என்கிறார்கள். பெட்டியில் ஏஎன்சி (இரைச்சலை அடக்கும் வசதி) என்று போட்டிருக்கிறதே? 25,000 ரூபாவுக்குள் வேறு எதை வாங்கலாம்?

கொட்டாஞ்சேனையான்: ஏஎன்சி உங்கள் காதுக்கு மட்டும். எதிரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. அவருக்குப் போவது மைக் பிடிப்பதுதான். இயர்பட்ஸின் மைக் காதோடு ஒட்டி இருக்கிறது. தண்டு மைக் உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி நிற்கும். அங்கே உங்கள் குரல் பல மடங்கு பலமாக விழும், ஹோர்ன் சத்தம் மட்டும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. தண்டு மைக்கையே எடுங்கள்.

பம்பலப்பிட்டி77: இது பழைய கதை அண்ணை. இப்போது இயர்பட்ஸிலும் இரண்டு மூன்று மைக் சேர்ந்து வாய்ப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கின்றன. சிலதில் எலும்பு அதிர்வை வைத்தே நாம் கதைக்கிறோமா என்று கண்டுபிடிக்கும் உணரியும் உண்டு. கொழும்பு வெக்கையில் காதை மூடிய ஹெட்செட்டோடு எட்டு மணித்தியாலம் இருந்து பாருங்கள். 138ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் தண்டை நீட்டிக்கொண்டா போவார்?

கொட்டாஞ்சேனையான்: அவர் பஸ்ஸில் கதைக்கவில்லை தம்பி, வீட்டு மேசையில் இருந்து கதைக்கிறார். வெக்கைக்கு ஒற்றைக் காது ஹெட்செட் இருக்கிறது, மற்றக் காது திறந்தே இருக்கும். நீங்கள் சொல்லும் வடிகட்டல் எனக்கும் தெரியும். இரைச்சல் கூடினால் அது குரலையும் சேர்த்து அரிந்துவிடும், வசனத்தின் கடைசிச் சொல் காணாமல் போகும். காப்புறுதி இலக்கத்தை வாசிக்கும்போது அப்படி நடந்தால் என்ன செய்வது?

தெகிவளை_நிரோ: இலக்கம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பாட்டு நன்றாகக் கேட்டால் அழைப்பும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அழைப்பு வந்ததும் புளூடூத் வேறு முறைக்கு மாறுகிறது. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் பழைய சிவிஎஸ்டி முறையில் வினாடிக்கு 8,000 மாதிரிகள்தான் (குரலை அளந்து எடுக்கும் தடவைகள்), ஆகவே 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. புளூடூத் அழைப்புகளுக்கான எச்எஃப்பி விதிமுறையின் 1.6 பதிப்பு வந்தபோது சேர்ந்த எம்எஸ்பிசி முறையில் 16,000. போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி77: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இயர்பட்ஸுக்கு எதிரான வாதம் இல்லையே, இரண்டுக்கும் பொதுதானே?

தெகிவளை_நிரோ: பொதுதான். அப்புறம், டெக்ட் வகையை (புளூடூத் அல்ல, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளின் முறை) கடையில் காட்டினால் கவனம். அதன் அடித்தளத்தை மேசைத் தொலைபேசியிலோ கணினியிலோ பொருத்த வேண்டும், கைபேசியோடு நேரே இணையாது.

கொட்டாஞ்சேனையான்: யூனிட்டி பிளாசாவில் ஏசி போட்ட கடைக்குள் நின்று பார்த்தால் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வெளியே வீதிக்கு வாருங்கள். வீட்டில் யாருக்காவது அழைத்து ஒரு காப்புறுதி இலக்கத்தை வாசியுங்கள், அவர் அதை எழுதட்டும்.

காலிவீதி: சரி, சனிக்கிழமை இரண்டு வகையையும் வீதியில் வைத்துப் பார்க்கிறேன். ஒற்றைக் காது வகையில் போனையும் மடிகணினியையும் ஒரே நேரத்தில் இணைக்க முடியுமா?

தெகிவளை_நிரோ: மல்டிபாயிண்ட் என்று போட்டிருந்தால் முடியும். அதையும் கடையிலேயே இணைத்துப் பாருங்கள்.