பெரோவ்ஸ்கைட் படலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் வாருங்கள்

பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புள்ள குறைக்கடத்தி என்றாலே பேச்சு சூரிய மின்கலத்தில் போய் நின்றுவிடுகிறது. 2009-இல் ஜப்பானின் மியாசகா குழு 3.8 சதவீத மின்மாற்றுத் திறனில் ஆரம்பித்தது, இன்று ஒற்றைச் சந்தி (ஒளியை உறிஞ்ச ஒரே படலம் உள்ள) மின்கலமே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சரி, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். டிரான்சிஸ்டர், எல்இடி, ஒளி உணரி, நினைவகம் என்று வேறு சாதனங்களில் இந்தப் படலத்தைப் பூசிப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள்?

முதலில் நானே சொல்கிறேன். மீத்தைல் அம்மோனியம் லெட் அயோடைடில் ஒளி உணரி செய்பவன் நான். டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான்களின் கலவையில் கரைத்து, ஸ்பின் கோட்டரில் கண்ணாடி சுழலும்போதே மேலே குளோரோபென்சீனை விடுவோம். அது கரைப்பானைச் சட்டென்று இழுத்துக்கொள்ள, படலம் முழுக்க ஒரே நேரத்தில் படிகக் கருக்கள் பிடிக்கும். முந்தி விட்டால் கரைசல் செறிவதற்குள் அடித்துக்கொண்டு போகிறது. பிந்தினால் படிகங்கள் அங்கங்கே தம் போக்கில் முளைத்து, படலம் சாம்பல் பூத்து மங்கிவிடுகிறது. இடையில் கிடைப்பது சில நொடிகள்தான். ஆய்வுக் கட்டுரையில் இது ஒற்றை வரி. பைப்பெட் முனையை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, எவ்வளவு வேகமாக அழுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில்தான் வரும். நன்றாக அமைந்த படலம் 100 டிகிரி ஹாட் பிளேட்டில் வைத்ததும் கருத்து, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும்.

அப்புறம்தான் தலைவலி. இருட்டில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் ஒரு மதிப்பில் நிற்பதே இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. படலத்துக்குள் அயோடைடு அயனிகள் காலியிடங்கள் வழியாக இடம் மாறுவதுதான் காரணம். மின்கலத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் அளந்தால் ஒரு எண், குறைத்துக்கொண்டே வந்தால் வேறொரு எண் என்று வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒரு திசையில் மட்டும் அளந்த எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

*

டிரான்சிஸ்டர் பக்கம் இருந்து எழுதுகிறேன். மின்கலம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, 1999-இல், ஐபிஎம்-இல் ககன், மிட்சி, டிமிட்ராகோபுலஸ் மூவரும் வெள்ளீய அயோடைடுப் பெரோவ்ஸ்கைட்டில் மெல்லிய படல டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். அதை ஏனோ யாரும் நினைவில் வைப்பதில்லை.

நீங்கள் சொன்ன அயனிகள் எங்களுக்கு இன்னும் பெரிய தொல்லை. ஈய அயோடைடுப் படலத்தில் கேட்டில் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்முனையில்) மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் இடைமுகத்தில் போய்க் குவிந்து அந்தப் புலத்தை மறைத்துவிடும். அறை வெப்பநிலையில் கேட் இருப்பதே தெரியாது. நன்றாகக் குளிர்வித்தால் அயனிகள் அடங்கி, சாதனம் டிரான்சிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் பலரும் வெள்ளீயத்துக்குப் போகிறோம்.

அங்கே வேறு சண்டை. Sn²⁺ துளி ஆக்சிஜன் பட்டாலும் Sn⁴⁺ ஆகிவிடும். துளைகள் (நேர்மின் சுமப்பிகள்) பெருகி, சாதனம் அணையவே அணையாது. வெள்ளீய ஃபுளோரைடு சேர்த்தால் ஓரளவு கட்டுப்படும். ஆஃப் கரண்ட் (அணைத்த நிலையில் ஓடும் மின்னோட்டம்) ஏறத் தொடங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளவ் பாக்ஸை, அதாவது காற்றுப் புகாமல் வேலை செய்யும் பெட்டியைத்தான். அதன் மீட்டர் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே படலம் கசிவைச் சொல்லிவிடும். இன்னொன்று, படலம் போட்டபின் வழக்கமான லித்தோகிராஃபி (ஒளியால் வடிவம் பதிக்கும் முறை) பற்றி யோசிக்காதீர்கள். டெவலப்பரில் உள்ள தண்ணீரே படலத்தைத் தின்றுவிடும். மின்முனைகளை முன்பே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஷேடோ மாஸ்க், அதாவது துளையிட்ட தகடு வழியாக உலோகத்தைப் படியவைப்பது.

*

எல்இடி ஆள். சிவப்பு வேண்டும் என்று புரோமைடையும் அயோடைடையும் கலந்தேன். லேசர் ஒளியில் நிறமாலை எடுத்துக்கொண்டிருக்கும்போதே முதல் உச்சி தேய்ந்து, நீள அலைப் பக்கம் புதிதாக ஒன்று எழுந்தது. அயோடைடு மிகுந்த திட்டுகள் தனியே பிரிந்துவிடுகின்றன. ஒளியை நிறுத்திச் சற்று நேரம் இருட்டில் வைத்து மறுபடி அளந்தால் பழைய உச்சியே திரும்பி வருகிறது! 2015-இல் ஹோக் குழு எழுதியது இதைத்தான் என்றாலும், திரையில் கண்முன் நடக்கும்போது அலுக்கவில்லை. கலப்பு ஹாலைடில் நிறம் நிலையாக நிற்கிறது என்று யாராவது சொன்னால், எவ்வளவு நேரம் எரியவிட்டார்கள் என்று கேளுங்கள்.

*

எல்லாரும் அயனியைத் திட்டுகிறீர்கள், எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. நான் மெம்ரிஸ்டர் செய்கிறேன். அயனி நகர்ந்து மின்தடை மாறி அப்படியே நின்றால்தான் அது நினைவகம். வெள்ளி மின்முனை போட்டால் சுவிட்சிங் அழகாக வருகிறது. ஆனால் மாறுவது ஹாலைடு காலியிடங்களாலா, இல்லை வெள்ளியே உள்ளே இறங்கி இழை கட்டுகிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தங்கம் போட்டும் அதே சாதனத்தைச் செய்து பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: கரைசலில் இருப்பது ஈயம், டிஎம்எஃப் சாதாரண நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். மேலே சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள்.