குடும்ப மருத்துவரின் தொடர் கவனிப்புக்கு யார் பணம் தருவது? அரசிடம் நாம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: தாராபுரம் சாலை மருத்துவர்

மன்றத்தில் உள்ள மருத்துவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில் பதினான்கு ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். தேங்காய்க் களங்களிலும் அரிசி ஆலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் வேலை செய்பவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். கட்டணம் 150 ரூபாய். கொடுக்க இயலாதவர்களிடம் வாங்குவதில்லை.

சென்ற ஆண்டு ஒரே வீதியைச் சேர்ந்த இருவருக்குக் காலில் புண் வந்தது. இருவருக்கும் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. முதலாமவர் புண் சிறிதாக இருந்தபோதே வந்துவிட்டார். இரண்டு மாதங்களில் ஒன்பது முறை கட்டுப் போட்டோம், மாத்திரை அளவை மாற்றினோம், செருப்பை மாற்றச் சொன்னோம், அவருடைய மனைவிக்குத் தினமும் பாதத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். ஒன்பதில் நான்கு முறைதான் அவரால் கட்டணம் தர முடிந்தது. புண் ஆறிவிட்டது. இரண்டாமவர் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே நாட்களைக் கடத்தினார். கடைசியில் நகரத்து மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அவர் குடும்பம் கடனில் விழாமல் தப்பித்தது. அந்த அட்டைக்காக நான் உண்மையிலேயே நன்றியுடையவள். ஆனால் பொதுப்பணம் அந்த வீதிக்குள் வந்தது விரல்கள் போன பிறகுதான் என்பது என் மனதை விட்டு அகலவில்லை. முதலாமவருக்குச் செய்த வேலையை எழுதிக் கேட்பதற்கு நான் அறிந்த எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்புக்கூடக் கிடையாது.

இந்த இடைவெளியால்தான் தேவையற்ற ஊசி, தேவையற்ற ரத்தப் பரிசோதனை, பரிந்துரைக் கமிஷன் ஆகியவை சிறிய கிளினிக்குகளுக்குள் நுழைகின்றன என்று நினைக்கிறேன். கமிஷனை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. நான் வாங்குவதும் இல்லை. இருந்தும் வாடகை, செவிலியர் சம்பளம், கழிவு அகற்றும் செலவு, உரிமக் கட்டணம் எல்லாம் மாதந்தோறும் வந்து நிற்கின்றன.

என் கேள்வி இதுதான். பணம் தரும் முறையை மாற்றக் கோரி குடும்ப மருத்துவர்கள் அரசிடம் பேசுவது நம் வேலையா? ஆம் என்றால், எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது? மருத்துவர்கள் தங்கள் வருமானத்துக்காகப் பேசுகிறார்கள் என்று மக்கள் நினைக்காதபடி அதை எப்படிச் செய்வது?

பதில் 1: ஈரோட்டு மூத்த மருத்துவர்

அம்மணி, நாற்பத்தொரு ஆண்டுகள் கிளினிக் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது நம் வேலைதான், இதைச் செய்யாமல் விட்டது என் தலைமுறையின் தவறு. மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிராகக் குரல் கொடுத்தோம், 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துக்கு எதிராகக் கிளினிக்குகளை அடைத்தோம். ஆனால் ஒரு நோயாளியைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதற்குப் பணம் எந்த வழியாக வர வேண்டும் என்று எங்கள் கிளைக் கூட்டங்களில் ஒருநாள்கூட நாங்கள் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

பிற நாட்டுக் குடும்ப மருத்துவர்கள் பேசியிருக்கிறார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு மருத்துவரின் பட்டியலிலும் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கு ஆண்டுத்தொகை தரும் முறை இருந்தது. நம் ஊர் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவதைத் திருப்பிப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பொதுப்பணத்திலிருந்து மருத்துவருக்கு வரும். ஆனால் அந்த முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. செவிலியரை வைத்து, நல்ல கட்டடம் எடுத்து ஒழுங்காக நடத்துகிறவருக்குச் செலவு கூடும், வருமானம் கூடாது. ஒன்றும் செய்யாதவருக்கே மிச்சம். 1965-இல் அங்குள்ள குடும்ப மருத்துவர்கள் தங்கள் கோரிக்கைகளை ஒரு சாசனமாக எழுதினார்கள். பெரும்பான்மையோர் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களைத் தங்கள் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அதன் பயனாக 1966-இல் வந்த ஒப்பந்தத்தில் உதவிப் பணியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டை அரசே ஈடுசெய்தது. கையில் வாங்கும் தொகையை உயர்த்தச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. செவிலியருக்கும் கட்டடத்துக்கும் நோயாளியோடு செலவிடும் நேரத்துக்கும் சேர்த்தே கேட்டார்கள். நம் கோரிக்கையிலும் அந்த மூன்றும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே ஒவ்வொரு சேவைக்கும் கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கையால் செய்யும் சிகிச்சைக்கு அதிகமாகவும், உட்கார்ந்து கேட்டு யோசிப்பதற்குக் குறைவாகவும் மதிப்பிடப்படுகிறது என்பது குடும்ப மருத்துவர்களின் நெடுநாள் குறை. நோயாளியுடன் உள்ள தொடர் உறவுக்கென்றே ஒரு கூடுதல் கட்டணக் குறியீட்டை அவர்கள் கேட்டு, முதியோர் காப்பீட்டில் 2021-ஆம் ஆண்டுக்கு அது ஏற்கப்பட்டது. பிறகு நாடாளுமன்றம் தள்ளிவைத்ததால் 2024 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஒரு சிறிய குறியீட்டுக்கே இத்தனை ஆண்டுகள் என்றால், நாம் எவ்வளவு பொறுமையோடு இறங்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பதில் 2: பனியன் நிறுவனக் கணக்கர், திருப்பூர்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் மருத்துவர் இல்லை. தொழிலாளர் சம்பளப் பட்டியலையும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கையும் பார்ப்பவன். புதிய பணம் எங்கிருந்து வரும் என்று தேடுவதற்கு முன், ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் பணத்தைப் பாருங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் 0.75 விழுக்காடும் முதலாளியிடம் 3.25 விழுக்காடும் பிடிக்கிறோம். 15,000 ரூபாய் வாங்குபவரின் பெயரில் மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200 ரூபாய் போகிறது. நோய்க்கால ஈட்டுத்தொகை, பேறுகால உதவி, மருத்துவமனைச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் என்பதால் அத்தனையும் கிளினிக்குக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் தையல்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவதில்லை. போனால் அரை ஷிப்ட் கூலி போய்விடும். இரவு எட்டு மணிக்கு வீட்டருகில் திறந்திருக்கும் கிளினிக்கில் சொந்தப் பணத்தைக் கொடுத்து மருந்து வாங்குகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு மருந்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதலில் தொடங்கியது கோயம்புத்தூரில்தான், 1955 ஜனவரி 23 அன்று. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நம் மண்ணில் கால் வைத்த திட்டம் அது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தனியார் குடும்ப மருத்துவர்களைப் பட்டியலில் சேர்த்து, பதிந்துகொண்ட தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கொடுக்கும் பேனல் முறை நெடுங்காலமாக நடந்திருக்கிறது. ஈரோட்டு ஐயா சொன்ன தலைக்கட்டு முறை ஈ.எஸ்.ஐ.க்கு அந்நியமானதே அல்ல. திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கங்களில் மாலை நேரக் கிளினிக்குகளை அப்படிச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால், அதை ஏற்றுமதியாளர்களும் ஆதரிப்பார்கள் என்று நம்புகிறேன். ஆள் வராத நாளின் நட்டம் எங்களுக்குத்தான் தெரியும். தொகை உரிய மாதத்தில் வந்துசேருமா என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபி

நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு சொல். என் கணவருக்கும் எனக்கும் ஓய்வூதியர் காப்பீடு இருக்கிறது. படுக்கையில் சேர்ந்தால்தான் அது பேசும். மாதாமாதம் ரத்தக் கொதிப்புக்கும் தைராய்டுக்கும் ஆகும் செலவு எங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஆகவே நீங்கள் கேட்பது நியாயம் என்றே முதலில் பட்டது.

ஆனால் தலைக்கட்டு முறையைப் படித்தபோது எனக்கு ஓர் அச்சம் வந்தது. நான் வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவருக்கு அதே தொகை என்றால், நான் வராமலிருப்பதே அவருக்கு லாபமாகிவிடாதா? இப்போது 200 ரூபாய் கொடுக்கும்போது, “சொல்லுங்க அம்மா” என்று கேட்கிறார். நாளை ஆயிரம் பேரைப் பதிந்துகொண்டு, பாதிப் பேரைப் பார்க்காமலேயே விட்டால் யாரிடம் முறையிடுவது? பிடிக்காவிட்டால் வேறு மருத்துவரிடம் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். ஒருவர் இத்தனை பேருக்கு மேல் பதியக்கூடாது என்ற வரம்பு வேண்டும். கோரிக்கையை எழுதும் மேசையில் எங்களைப் போன்றவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்; மருத்துவர்கள் மட்டும் எழுதிக் கொடுத்தால், அது சம்பள உயர்வுக் கடிதம்போலத்தான் தெரியும்.

பதில் 4: பொதுச் சுகாதாரப் பணியாளர், சேலம்

ஆசிரியை அம்மாவின் அச்சம் முற்றிலும் சரியானது. தலைக்கட்டு முறையில் குறைவாகப் பார்க்கும் ஆசை வரும்; ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் என்னும் இன்றைய முறையில் அதிகமாகச் செய்யும் ஆசை வருகிறது. அதனால்தான் பல நாடுகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன: பதிவுக்கு ஒரு தொகை, கட்டுப் போடுவது, தடுப்பூசி போன்ற சிலவற்றுக்குத் தனித்தொகை, நாட்பட்ட நோயைக் கட்டுக்குள் வைத்ததற்குச் சிறு ஊக்கத்தொகை. பிரிட்டன் 2004-இல் இந்த மூன்றாவதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. ஊக்கத்தொகை மிகுந்தால் மருத்துவர் மனிதரை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கத் தொடங்குவார் என்பதால் அதைச் சிறிதாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தாய்லாந்து. அங்கே மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்கள் கிராமப்புற மருத்துவர் இயக்கத்தில் வளர்ந்தவர்கள். அவர்களில் முதன்மையானவர் மருத்துவர் சங்குவான் நித்தயாரம்போங். மக்கள் அமைப்புகள் 50,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி ஒரு சட்ட வரைவைக் கொடுத்தன. 2001-இல் ஆறு மாகாணங்களில் தொடங்கி, 2002-இல் சட்டமாகி, ஒரு வருகைக்கு நோயாளி 30 பாட் (தாய்லாந்து நாணயம்) மட்டும் தரும் நிலை நாடு முழுவதும் வந்தது. புறநோயாளர் கவனிப்புக்கான பணம் பதிந்த மக்கள்தொகையைக் கணக்கிட்டே போகிறது. மருத்துவர்களும் மக்களும் ஒரே மேசையில் இருந்ததால்தான் அது நடந்தது.

இங்கும் பிடித்துக்கொள்ளக் கிளைகள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, பொதுப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேல் ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஈரோட்டு ஐயா போன்றவர்கள் 2019-இல் எதிர்த்த அதே ஆணையச் சட்டம், குடும்ப மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பை வளர்ப்பதை முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தின் கடமையாக எழுதியிருக்கிறது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இருந்தும் ஆசிரியை அம்மாவின் மாதாந்திர மருந்துச் செலவு அந்த 39.4-க்குள்தான் இன்னும் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே மாத்திரை கொடுக்கிறது. அதோடு போட்டி போடும் திட்டத்தைக் கேட்காதீர்கள். அந்தத் தன்னார்வலரின் பதிவேடும் உங்கள் கிளினிக்கின் பதிவேடும் ஒன்றையொன்று அறியும்படி கேளுங்கள்.

கோரிக்கை மனுவுடன் கணக்கு இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் பத்துக் கிளினிக்குகள் ஓராண்டுக்குக் குறித்து வைத்தால் போதும்: எத்தனை சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதித்தீர்கள், எத்தனை வருகைகளுக்குக் கட்டணம் வரவில்லை, எத்தனை பேரை மேல் மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள். பெயர்களை நீக்கிவிட்டு இந்த மூன்று எண்களை மாவட்ட அதிகாரிகளிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்திலும் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: தாராபுரம் சாலை மருத்துவர்

நால்வருக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவின் கேள்வியைப் படித்த பிறகு, நான் எழுதத் தொடங்கியிருந்த வரைவை முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. அதில் நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் எனக்குத் தெரிந்த ஏழு மருத்துவர்களிடம் பேசிவிட்டேன். ஐவர் தை முதல் நாளிலிருந்து பதிவேடு வைக்க ஒப்புக்கொண்டார்கள். சேலத்து நண்பர் சொன்ன மூன்று எண்களுடன் நான்காவதாக, ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை நிமிடம் செலவானது என்பதையும் குறிக்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் வேலையில் எவருக்கும் தெரியாமல் போவது அந்த நேரம்தான். ஈ.எஸ்.ஐ. பட்டியல் முறையைத் தனி மனுவாகவே கொடுப்போம். கணக்கர் ஐயா ஒப்பந்த நிபந்தனைகளைப் பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். ஈரோட்டு ஐயா, பதிவேட்டுப் படிவத்தின் முதல் வரைவை இந்த வாரக் கடைசிக்குள் இங்கேயே இடுகிறேன். கிளினிக்கில் ஒரே செவிலியர் இருக்கும் இடத்திலும் அதை நிரப்ப முடியுமா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.