மண்குடத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? லாபு சாயோங் பற்றி ஒரு கேள்வி

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

வணக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து திரும்பும் வழியில் கோலகங்சாரில் இறங்கி, லாபு சாயோங் எனப்படும் கரிய நீர்க்குடம் ஒன்றை வாங்கினேன். சுரைக்காயைப் போல் இடை ஒடுங்கிய அதன் வடிவத்தைப் பார்த்ததும் கடையை விட்டு நகர மனம் வரவில்லை. முழுக்க முழுக்கக் கையால் செய்தது என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா, "தண்ணீர்ப் பானைதானே, இதற்கு 60 வெள்ளியா?" என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. இங்குள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலும் இதே நிலைதான். ஒவ்வொரு கலத்தின் முன்னும் நாட்டையும் நூற்றாண்டையும் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறேன். ஒரு மட்கலத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? அதைச் செய்த கையை எப்படி அறிந்துகொள்வது?

பட்டர்வொர்த் மண்பிரியன்

சகோதரி, முதலில் அதைக் கையில் எடுங்கள். நல்ல கலம், கண் எதிர்பார்த்த எடையைவிடக் கனக்காது. அடுத்து அதைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிமுகத்தை எல்லாரும் அக்கறையாகத்தான் மெருகேற்றுவார்கள், செய்தவரின் பொறுமை அடிப்பாகத்தில் தெரியும். வாய்க்குள் விரல் விட்டுத் தடவும்போது, சக்கரத்தில் வனைந்ததாயின், விரல் ஏறிய வரிகள் சுற்றிச் சுற்றித் தட்டுப்படும். அச்சில் வார்த்ததாயின் உட்புறம் ஒரே சீராக இருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு மிஞ்சியிருக்கவும் கூடும். சாயோங் குடங்கள் இன்று அச்சிலும் செய்யப்படுகின்றன.

அந்தக் கறுப்பு பூசிய நிறமன்று என்பதை அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். ஈரம் சற்று வற்றிய பச்சைக் குடத்தை வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, சுட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே நெல் உமிக்குள் புதைக்கிறார்கள். போதிய காற்றின்றிப் புகையும் உமியின் கரி, மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாததால் நீர் மெல்லக் கசிந்து ஆவியாகிறது; உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

இந்த நெருப்பு வித்தை நம்மவர்க்கும் பழையது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு சிவப்பு மட்கலங்கள் கவிழ்த்து வைத்துச் சுடப்பட்டவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம், மண்ணிலுள்ள இரும்பினால் சிவந்தது. ஒரே மண், ஒரே சூளை, காற்று மட்டுமே வேறு. இதை அறிந்த பிறகு அருங்காட்சியகத்தில் என்னால் எந்தக் கலத்தையும் வேகமாகக் கடந்து போக முடிவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்

செய்த கையைப் பற்றிய கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜி 1955ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவர். ஆயினும் தம் கலங்களில் பெயர் பொறிப்பதைத் தவிர்த்தார். கலமே பேச வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தம் பெயரை விட்டுக்கொடுக்க முடிந்தது, அந்தப் பெயர் ஏற்கெனவே உலகறிந்தது என்பதனால். கோலகங்சாரை அடுத்த சாயோங் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடம் வனைந்த பெண்களுக்கு அந்தத் தேர்வே கிடைத்ததில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மரியா மார்ட்டினெஸ் என்ற பூர்வகுடிப் பெண், சாணத்தூளால் நெருப்பை மூடிப் புகையவிட்டு, ஏறக்குறைய இதே முறையில் கருங்கலங்களைச் செய்தார். 1920களில் அவர் தம் பெயரை எழுதத் தொடங்கியபோது கலங்களின் மதிப்பு உயர்ந்தது. அதைக் கண்டவர், ஊரிலுள்ள மற்றப் பெண்களின் கலங்களிலும் தம் பெயரை எழுதிக்கொடுத்தார். ஆகவே வாங்கும்போது, "இதைச் செய்தவர் யார்?" என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அவரும் பெயரைக் குறித்து வைப்பார்.

கிள்ளான் அக்கா

தம்பி சொல்வது சரி. ஆனால் அதற்குக் கோலகங்சார் வரை போக வேண்டியதில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் பானையும் அகல்விளக்கும் இன்றும் வனைகின்றன. தை மாதம் ஒரு பானையை வாங்கி, மஞ்சள் கட்டி, பொங்கியதும் மறந்துவிடுகிறோம். உள்ளே கல்லைத் தாங்கி வெளியே பலகையால் தட்டி அடிப்பாகம் கூட்டிய பானையாக இருந்தால், உட்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கல் பதிந்த ஆழமில்லாத குழிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் அடி. அவற்றை உணர்ந்த நாளிலிருந்து நான் பொங்கல் பானையில் பேரம் பேசுவதில்லை.

செந்தூல் வாசகி

அனைவருக்கும் நன்றி. குடத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து அடிவரை அந்த மெல்லிய கோடு இருக்கிறது. உட்புறமும் வரியின்றிச் சீராகவே இருக்கிறது. விற்றவர் சொன்னது முழு உண்மையன்று என்பது வருத்தம்தான். ஆனால் வெளிப்புறத்தில் கல்லால் தேய்த்த தடங்கள் சாய்வாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோட்டின் மீதும் கடந்து போகின்றன. அந்த உழைப்பு அச்சினுடையதன்று. அடுத்த முறை போகும்போது அப்படித் தேய்த்தவரின் பெயரைக் கேட்பேன். நேற்று இரவு அம்மா அதில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். காலையில் குடத்தை எடுத்தபோது அதனடியில் ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது.