இதயம் முந்தியா, நஞ்சுக்கொடி முந்தியா? கையேட்டில் ஒரு வரி பற்றிய சந்தேகம்

ஈசூன்_மலர் கேட்டது:

வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்காகத் தமிழ்க் கையேடு ஒன்று தயாராகிறது. அதில் "நஞ்சுக்கொடி சரியாக வளர்ந்தால்தான் குழந்தையின் இதயம் சரியாக உருவாகும்" என்று ஒரு வரி இருக்கிறது. சரிபார்த்த தாதி ஒருவர் மடக்கிவிட்டார்: இதயம் 10 வாரத்துக்குள் நான்கு அறைகளோடு அமைந்துவிடுகிறது, தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதே 10 முதல் 12 வாரத்தில்தான், பின்னால் வருவது முன்னால் முடிந்ததை எப்படிக் கெடுக்கும் என்கிறார். வரியை எடுத்துவிடுவதா, திருத்துவதா? ஸ்கேனில் எதைக் கவனிக்கச் சொல்லலாம் என்பதும் தெரிந்தால் நல்லது.

கருவியல்_வகுப்பு:

தாதி சொன்ன வாரக்கணக்கு சரி. ஆனால் தாயின் இரத்தம் வரும் நாளைத்தான் நஞ்சுக்கொடி வேலை தொடங்கும் நாளாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அங்கேதான் சிக்கல்.

நஞ்சுக்கொடியில் இரண்டு பக்கம் உண்டு. தாய்ப் பக்கத்தில் கருப்பைச் சுருள் தமனிகளின் வாயை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கும். அது குறையல்ல. முதல் மூன்று மாதம் கரு குறைந்த ஆக்சிஜனில்தான் வளரவேண்டும். உணவு கருப்பைச் சுரப்பிகளிலிருந்து கசிந்து வருகிறது. பிள்ளைப் பக்கம் அப்படியில்லை. கருத்தரித்து ஏறக்குறைய 22ஆம் நாள் இதயக்குழாய் துடிக்கத் தொடங்கும்போதே நஞ்சுக்கொடியின் விரல்போன்ற துளிர்களில் நுண்குழாய்கள் உருவாகி, அந்த இதயத்தோடு இணைந்துகொண்டிருக்கும். ஆக, இதயம் தன் முதல் நாட்களிலிருந்தே நஞ்சுக்கொடியின் குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளுகிறது. அந்தக் குழாய்கள் குறுகலாக, குறைவாக இருந்தால் இதயத்தின் சுமை கூடும்.

இதயத்துக்குள் ஓடும் இரத்தமே இதயத்தைச் செதுக்குகிறது. தடுப்புச்சுவரும் வால்வும் எப்படி அமையும் என்பதில் அந்த ஓட்டத்துக்குப் பங்குண்டு. கோழிக் கருவில் இதயத்தைத் தொடாமல், மஞ்சள்கருப் பையிலிருந்து வரும் சிரைகளில் ஒன்றைக் கட்டினாலே போதும், கீழறைச் சுவரில் ஓட்டை விழுகிறது.

எலியில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. 1999இல் பிபிஏஆர்-காமா என்ற மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். கருவின் இதயத் தசை மெலிந்து, 10ஆம் நாளளவில் கரு இறந்தது. அதே கருவுக்கு மரபணு கெடாத நஞ்சுக்கொடி அமையும்படி செய்தபோது இதயத் தசை சரியாகிவிட்டது. குறை இதயத்தில் தெரிந்தது, காரணம் நஞ்சுக்கொடியில் இருந்தது. 2018இல் கேம்பிரிட்ஜ் பாப்ரகாம் நிலையத்தார் முன்னின்று, மரபணு ஒன்றை நீக்கியதால் கருவிலேயே இறக்கும் அல்லது பிழைப்பது அரிதான 103 எலி வகைகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் நஞ்சுக்கொடியில் கோளாறு. அதோடு சேர்ந்தே வந்தவை இதயம், மூளை, இரத்தக்குழாய்க் கோளாறுகள்.

எலியின் நஞ்சுக்கொடி நம்முடையதுபோல் அல்ல. மனிதரில் காண்பது இரண்டும் சேர்ந்து வருவதை மட்டுமே. ஒரே மரபணு இரண்டையும் கெடுப்பதும் உண்டு. அதனால் வரியை எடுக்கவேண்டாம், "தான்" என்ற அழுத்தத்தை மட்டும் எடுங்கள். "இதயமும் நஞ்சுக்கொடியும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று சார்ந்து உருவாகின்றன" என்று போடலாம். குறையோடு பிறந்த குழந்தையின் தாய் படித்தாலும் அந்த வரி அவரைக் குத்தாது. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒலிஅலை:

ஸ்கேன் பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஒன்று: நம் மக்கள் நஞ்சுக்கொடி என்றால் பாதிப்பேர் தொப்புள்கொடியைத்தான் நினைக்கிறார்கள். கையேட்டில் "நஞ்சு" என்ற தட்டும் "தொப்புள்கொடி" என்ற கயிறும் தனித்தனி என்று ஒரு படம் போட்டுவிடுங்கள்.

11 முதல் 13 வாரம் 6 நாள் வரை கழுத்துப் பின்புற நீரை அளப்போம். 3.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் குரோமோசோம்கள் சரியாக இருந்தாலும் இதயத்தை விரிவாகப் பார்க்கவேண்டும். 20 வார ஸ்கேனில் நான்கு அறைகள் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு பெருங்குழாய்கள் புறப்படும் இடமும் தெரியவேண்டும். பெருங்குழாய்கள் இடம் மாறிய இதயத்தில் நான்கு அறைத் தோற்றம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். தவறவிடுவது அங்கேதான்.

தொப்புள்கொடியில் ஒரு சிரை, இரண்டு தமனி. மிதக்கும் வளையத்தில் எண்ணினால் மடிப்பு ஏமாற்றும். குழந்தையின் இடுப்பைக் குறுக்காக எடுத்து, இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வண்ண டாப்ளர் போட்டு, சிறுநீர்ப்பையின் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி ஓடுகிறதா என்று பார்ப்பதே உறுதி. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது அதற்கும் குறைவானவற்றில் ஒரு தமனிதான் இருக்கும். அதைக் கண்டால் இதயத்தையும் சிறுநீரகங்களையும் மறுபடி பார்ப்போம். வேறு குறை இல்லையென்றால் பெரும்பாலும் குழந்தை நலமே. வளர்ச்சியை மட்டும் கடைசி மாதங்களில் அளப்பார்கள்.

கொடி தட்டின் எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதும் முக்கியம். விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் என்றால் விளிம்புப் பொருத்தம். சவ்வில் பொருந்தியிருந்தால் காப்பில்லாத குழாய்கள் கருப்பை வாயை மறித்து ஓடுகின்றனவா என்று உள்வழி ஸ்கேனில் பார்த்தே ஆகவேண்டும். பனிக்குடம் உடையும்போது அவை கிழிந்தால் ஒழுகுவது குழந்தையின் இரத்தம். பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளிடம் இந்த இருவகைப் பொருத்தமும் கூடுதலாகவே காணப்படுகிறது.

பிரசவ_அறை:

இதயக் குறை தெரிந்த குழந்தை பிறக்கும்போது நஞ்சைத் தூக்கி எறிந்துவிடாமல் நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே பிரசவத் திட்டத்தில் எழுதிவைக்கலாம். கொடியை வெட்டிக் குழாய்களை எண்ணும்போது தட்டிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி வெட்டவேண்டும். தட்டை ஒட்டிய இடத்தில் இரு தமனிகளும் ஒன்றோடொன்று இணைவதால் ஒன்றுதான் இருப்பதுபோல் தெரியும். சவ்வையும் கொடியையும் நீக்கிய பிறகே எடை. நிறைமாத நஞ்சு அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். உறையவைக்கக் கூடாது, திசு உருக்குலையும். மரபணுச் சோதனை வேண்டுமென்றால் துண்டைத் தனியே எடுத்துவிட்டுத்தான் மீதியை ஃபார்மலினில் போடவேண்டும்.

ஈசூன்_மலர்:

மூவருக்கும் நன்றி. வரியை மாற்றிவிட்டோம். சர்க்கரை பற்றிச் சேர்க்கலாமா? அதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

கருவியல்_வகுப்பு:

கட்டாயம் சேருங்கள், ஆனால் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தால், இதயம் உருவாகும் அந்த முதல் வாரங்களில் சர்க்கரை கூடுவது பிறவிக் குறைக்கான வாய்ப்பைப் பல மடங்கு ஏற்றும். மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்துச் சோதித்து மருத்துவரைப் பார்ப்பதற்குள் அந்தக் காலம் தொடங்கிவிட்டிருக்கும். அதனால் கருத்தரிக்கும் முன்பே ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் தாழ்சர்க்கரை வராத அளவுக்கு. ஃபோலிக் அமிலத்தின் அளவையும் மருத்துவரிடம் அப்போதே கேட்கவேண்டும்; நீரிழிவுள்ளவர்களுக்கு வழக்கமான 400 மைக்ரோகிராமைவிடக் கூடுதலாகத் தருவது உண்டு.

24 முதல் 28 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையில் தெரியவருவது பெரும்பாலும் பிறகு வந்த கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல், இவற்றில் ஒன்றைத் தொட்டாலே இருப்பதாகக் கணக்கு. அதற்குள் இதயத்தின் அறைகள் அமைந்து முடிந்திருக்கும். கட்டுப்படாமல் போனால் தடுப்புச்சுவரின் தசை தடிக்கலாம். குழந்தை பிறந்து தாயின் சர்க்கரை நின்றதும், பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் தடிப்பு சில மாதங்களில் தானாக வடிந்துவிடும்.