குளிர்கால விடுமுறையில் தீம் பார்க்: 101 சென்டிமீட்டர் மகன், முட்டிவலி அம்மா, ஒரே ஒரு நாள்

கடைசிவரிசை:

வணக்கம். இந்தக் குளிர்கால விடுமுறையில் தீம் பார்க் போகிறோம் என்று வீட்டில் வாயை விட்டுவிட்டேன். இனிப் பின்வாங்கினால் மகள் என்னோடு பேசமாட்டாள். போகிறவர்கள் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. கையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

போன வருடம் இதே விடுமுறையில் வேறொரு பார்க்கில் பட்டதைச் சொன்னால்தான் என் பயம் புரியும். மலைக்குள் புகுந்து வரும் ஒரு ரோலர் கோஸ்டர். வரிசை 95 நிமிடம் என்று பலகை சொன்னது. வாசலில் உயரம் பார்க்கும் கட்டை இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. குறைந்தது 102 சென்டிமீட்டர் வேண்டும் என்று எழுதியிருந்தது. மகனைக் கண்ணாலேயே அளந்து, சரியாக இருக்கும் என்று உள்ளே போய்விட்டோம். 95 நிமிடம் கழித்து, வண்டி ஏறும் இடத்தில், அங்கே வேலை பார்த்த பெண் அளவுகோலை அவன் தலைக்கு நேராக நீட்டினார். கோலுக்கும் தலைக்கும் நடுவே என் நான்கு விரல் போகும். பையன் குதிகாலைத் தூக்கினான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குனிந்து அவன் ஷூவின் நுனியை ஒரு விரலால் மெதுவாக அழுத்தினார். அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதான்.

இப்போது நாங்கள் போகப்போகும் இடத்திலும் அதே 102 தான். பையன் இன்று 101. கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். தினமும் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறானோ இல்லையோ, அங்கே வந்து நிற்கிறான்.

கேள்விகள் இவை. எந்தத் தேதியில் போனால் கூட்டம் குறைவு? கூடுதல் காசு கொடுத்தால் நீள வரிசையில் நிற்காமல் போகலாம் என்கிற எக்ஸ்பிரஸ் பாஸை வாங்கலாமா? அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் ஒரு பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன்" என்கிறார். அப்படி உட்கார வைப்பதற்கா கூட்டிப் போவது? நான் 14 ரைடுகளை நிமிடக் கணக்கில் எக்செல்லில் போட்டிருக்கிறேன். மனைவி அதற்குப் பரீட்சை அட்டவணை என்று பெயர் வைத்துவிட்டாள்.


மூன்றுபிள்ளைவீடு:

தம்பி, முதலில் அந்த எக்செல்லை மூடுங்கள். உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி.

தேதி: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் அந்த ஒரு வாரத்தைத் தொடாதீர்கள். வருடத்திலேயே நெரிசலான நாட்கள் அவைதான். இடம் நிறைந்துவிட்டது என்று வாசலை மூடுவதும் அப்போது நடக்கும். பள்ளி விட்ட முதல் ஓரிரு நாட்கள், அதுவும் செவ்வாய், புதன் என்றால் தேவலை. வேறு வழியே இல்லாமல் நாங்கள் ஒருமுறை ஜனவரி 1 காலையில் போனோம். முந்தின இரவு விழித்திருந்தவர்கள் யாரும் வரவில்லைபோல. முதல் இரண்டு மணி நேரம் பார்க் எங்களுடையதாக இருந்தது. பதினொன்றுக்குப் பிறகு நிற்க இடமில்லை.

எந்த நாளானாலும், திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிவதைப் பகலில் நான்கு மணி நேரம் செலவழித்தாலும் முடிக்க முடியாது.

அப்புறம், பையன் ஏற முடியாத ரைடு வந்தால் நீங்களோ மனைவியோ தியாகம் செய்ய வேண்டியதில்லை. வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப். ஒருவர் சின்னவனோடு வெளியே நிற்பார், மற்றவர் ஏறிவிட்டு வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். உங்கள் மகளுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அப்பாவோடு ஒருமுறை, அம்மாவோடு ஒருமுறை போய்விடுவாள். என் மூத்தவள் இதைக் கண்டுபிடித்த அன்று, தம்பி குட்டையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

உயரத்துக்கு ஒரு யோசனை. மனிதர்கள் காலையில் கொஞ்சம் உயரம். நாள் முழுக்க நின்று நடக்க நடக்க முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி, மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர்வரை குறையும். அதனால் அந்தக் கோஸ்டருக்குத்தான் முதலில் போக வேண்டும். பல இடங்களில் ஷூவோடுதான் அளப்பார்கள், அது வேறு கூடுதல்.


லீவர்மாமா:

மேலே அக்கா சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. ஆறு குளிர்காலம் கோஸ்டரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த ஒன்றைச் சொல்கிறேன்.

குளிர் நாளில் கோஸ்டரை முதலில் வைத்துத் திட்டம் போட்டால் ஏமாறுவீர்கள். குளிரில் சக்கரத் தாங்கிகளுக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிடும், வண்டி மெதுவாகும். மெதுவாக வரும் வண்டி அடுத்த ஏற்றத்தில் ஏற முடியாமல் பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் நின்றுவிட்டால், அதை வெளியே எடுக்க அன்றைய பொழுது போய்விடும். அதனால் காலையில் ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்போம். நேரம் சரியாக வந்த பிறகுதான் வாசல் திறக்கும். வெப்பநிலை ஒரு அளவுக்குக் கீழே போனால் திறக்கவே மாட்டார்கள். வெளியே நின்று திட்டுபவர்களுக்கு, வண்டிதான் ஓடுகிறதே, எங்களை ஏன் ஏற்றவில்லை என்று தோன்றும். நான் வாங்கிய திட்டெல்லாம் இதற்குத்தான்.

டென்மார்க்கில், கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1914இல் கட்டிய மரக் கோஸ்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பிரேக் பிடிக்க ஒரு ஆள் வண்டியிலேயே உட்கார்ந்து வருவார். அந்த வேலை எனக்குக் கிடைக்காதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். சரி, அது வேறு கதை.

பார்க்கின் தளத்தில் பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலை இன்றே பாருங்கள். தண்ணீர் ரைடுகளைக் குளிர்காலத்தில்தான் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். உங்கள் 14இல் இரண்டு மூன்று அப்படியே உதிர்ந்துவிடும்.

பையனின் உயரம் பற்றி: காலை, மாலை கணக்கு சரிதான். ஆனால் ஷூவுக்குள் துணி திணிக்கும் வேலை வேண்டாம். தொடை மேல் இறங்கும் கம்பி ஒரு அளவு உடம்பைப் பிடிப்பதற்காகச் செய்தது, கோல் அதைத்தான் பார்க்கிறது. சில பார்க்குகளில் காலையில் உதவி மையத்திலேயே அளந்து, உயரத்துக்கேற்ற நிறத்தில் கைப்பட்டை கட்டிவிடுவார்கள். உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வேலையாக அதை வாங்குங்கள். இல்லாவிட்டாலும் வாசலில் ஆள் வரும்வரை காத்திருந்து அளந்த பிறகே வரிசைக்குள் போங்கள். 95 நிமிடம் நின்ற குழந்தையைத் திருப்பி அனுப்புவது கோல் பிடிப்பவருக்கும் நல்ல வேலையில்லை.


ஓசிபாஸ்:

எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அது இலவசம். சீட்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். 2021இல் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து நான் வாங்குவதில்லை. கொள்கை.


லீவர்மாமா:

கொள்கை நல்லதுதான், கணக்கையும் பாருங்கள். ஒரு வண்டியில் 20 பேர், நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினால் மணிக்கு 1200 பேர். உங்களுக்கு முன்னால் 600 பேர் இருந்தால் அரை மணி. குளிருக்காக ஒரு வண்டியை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள், மணிக்கு 600. அதிலும் பாதி இருக்கையைப் பாஸ் வரிசைக்குக் கொடுத்தால், சாதாரண வரிசைக்கு 300. அதே 600 பேருக்குப் பின்னால் நிற்பவருக்கு இப்போது இரண்டு மணி நேரம். வரிசையின் நீளம் மாறவே இல்லை, கவனியுங்கள். நெரிசலான நாளில், ஒரே நாள் மட்டும் கையில் இருந்தால், பாஸுக்கு அர்த்தம் உண்டு. கூட்டமில்லாத நாளுக்கு வீண்.


தாத்தாபெஞ்ச்:

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். எனக்கு எழுபத்தொன்று. இரண்டு முட்டியும் உங்கள் அம்மாவுடையது மாதிரிதான்.

பெஞ்சைக் கேவலமாக நினைக்காதீர்கள். டிஸ்னிலேண்ட் பிறந்த கதையே ஒரு பெஞ்சில்தான் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபோதுதான், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். 1955இல் அது திறந்தது.

ஆனால் குளிரில் பெஞ்ச் வேறு. வெயிலில் மூன்று மணி நேரம் உட்காருவேன், குளிரில் இருபது நிமிடத்தில் முட்டி மரத்துவிடும். கூரைக்குள் நடக்கும் காட்சிகளை அம்மாவை மையமாக வைத்துப் போடுங்கள். அவர் உட்கார்ந்து சூடாக இருப்பார், பிள்ளைகளுக்கும் கால் ஆறும். வாசலிலேயே வீல்சேர் எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார். பைகள் வைக்க என்று சொல்லி எடுங்கள், மதியத்துக்குள் பைகள் உங்கள் தோளுக்கு வந்துவிடும். வலித்தால் சொல்லுங்கள் அம்மா என்று மட்டும் சொல்லாதீர்கள், நாங்கள் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். டிக்கெட், வரைபடம் எல்லாம் ஒரே போனில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள், பவர் பேங்கையும். தொலைந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதைக் காலையிலேயே காட்டிவிடுங்கள், சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடும். அம்மாவிடம் எந்த ரைடில் ஏற ஆசை என்று யாராவது கேட்டீர்களா?


கடைசிவரிசை:

போய்விட்டு வந்தோம். பள்ளி விட்ட இரண்டாம் நாள், புதன்கிழமை. பாஸ் வாங்கவில்லை. 14இல் ஏழு ரைடு.

காலை ஒன்பதுக்கு நேராகக் கோஸ்டருக்கு ஓடினோம். லீவர்மாமா வாய் முகூர்த்தம், வாசலில் சங்கிலி. தலைக்கு மேலே வெறும் வண்டி தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் கத்த ஆரம்பித்தார். என் மகள் அவரிடம் போய் கிரீஸ் கெட்டியாகும் விஷயத்தை விளக்கினாள். அங்கே நின்ற ஊழியர் அவளைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அவரிடமே மகன், "என்னை இப்பவே அளந்திடுங்க, சாயங்காலம் குள்ளமாயிடுவேன்" என்றான். அளந்தார். தொட்டது. ஆனால் இந்தப் பார்க்கில் கைப்பட்டை கிடையாதாம், திறந்த பிறகு வந்தால் மறுபடி அளப்போம் என்றார்.

தாத்தாபெஞ்ச் ஐயா, அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கப் அண்ட் சாஸர்" என்றார், யோசிக்கவே இல்லை. இரண்டு முறை ஏறினார். வீல்சேரில் பைகள்தான் வந்தன, கடைசிவரை. அதில் மட்டும் உங்கள் கணக்கு தப்பு.

கோஸ்டர் திறந்தது மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் பையன் ஐந்து மணி நேரம் நடந்திருந்தான். எனக்குக் கவலையாகிவிட்டது. அம்மாதான், "கொஞ்ச நேரம் நீட்டிப் படுக்க வைடா" என்றார். கூரைக்குள் இருந்த ஒரு பெஞ்சில் அவர் மடியில் தலை வைத்து, கால் என் மனைவியின் மடியில், நாற்பது நிமிடம் அசையாமல் படுத்திருந்தான். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு ரைடு போயிருக்கலாம்.

கோல் தலையைத் தொட்டது. இந்த முறை அவன் குதிகாலைத் தூக்கவில்லை. வண்டியில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம், பக்கத்தில் உட்கார்ந்த மகள் சொன்னாள்.