நம்ம ஆளை விற்றுவிட்டார்கள்: பேஸ்பால் பார்க்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாஸ்டன்வாசி

ஜூன் 15, 2025. தந்தையர் தினம், நம்ம ரெட் சாக்ஸ் மைதானமான ஃபென்வே, நியூயார்க் யாங்கீஸோடு தொடரின் கடைசி ஆட்டம். நம்ம டெவர்ஸ் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 2-0, மூன்று ஆட்டமும் நமக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பையனுக்கு எட்டு வயது. பதினொன்றாம் நம்பர் சட்டை. வீட்டுக்கு வந்து குளிக்கப் போடா என்றால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். நெஞ்சில் ஹாட்டாக் மஸ்டர்டு கறை வேறு. சரி, சாப்பிட்டுவிட்டுக் குளி என்று விட்டுவிட்டேன். அவன் அம்மா ஊருக்குப் போயிருந்தாள், ஃப்ரிட்ஜில் மாவு மட்டும்தான் இருந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஆபீஸ் நண்பன். "டெவர்ஸ் ஜயண்ட்ஸுக்கு." சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்கு டிரேட் பண்ணிவிட்டார்களாம், அதாவது வேறு ஆட்களை வாங்கிக்கொண்டு இவரைக் கொடுத்துவிட்டார்களாம். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் இன்னும் நாலு பேரிடமிருந்து அதே செய்தி. தோசை கருகிய நாற்றம் வந்த பிறகுதான் அடுப்பு எரிவதே ஞாபகம் வந்தது.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னிக்குத்தானேப்பா அடிச்சார்?"

"ஆமாடா."

"அடிச்சாலும் அனுப்பிடுவாங்களா?"

2020 பிப்ரவரியில் எங்கள் நட்சத்திரம் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பியபோது இவனுக்கு மூன்று வயது. நான் தனியாகப் புலம்பித் தீர்த்துக்கொண்டேன். இந்தத் தடவை எதிரே உட்கார்ந்து ஒருவன் கேள்வி கேட்கிறான். 2018 சாம்பியன் அணியில் மிச்சமிருந்த கடைசி ஆளும் போயாயிற்று. அவன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பச்சைச்சட்டை

நீங்களாவது கப்பைப் பார்த்துவிட்டு அழுகிறீர்கள். நான் ஓக்லண்ட் ஏ'ஸ் அணி ரசிகன்.

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. வழக்கமாக ஆள் வராத மைதானத்துக்கு வேண்டுமென்றே எல்லோரும் போனோமே, அந்த நாள். 27,759 பேர். 'விற்றுவிடு' என்று ஒற்றை வார்த்தை எழுதிய பச்சைச் சட்டை. அணி முதலாளி ஜான் ஃபிஷருக்குக் கேட்கட்டும் என்று. ஐந்தாவது இன்னிங்ஸ் ஆரம்பத்தில் முதல் பேட்டர் ஆடி முடிக்கும்வரை மைதானம் முழுக்க மூச்சுக்காட்டாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரே குரலில் கத்தினோம். டாம்பா பே ரேஸ் அணியை 2-1 என்று ஜெயித்தோம். அந்த வருடம் 112 தோல்வி வாங்கிய அணி அன்றைக்குத் தொடர்ந்து ஏழாவது ஆட்டத்தை ஜெயித்தது. யாராவது நம்புவார்களா?

நான் சொல்ல வந்தது அது இல்லை. எனக்கு முன்வரிசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர். வெளுத்துப்போன ஜெர்சி. முதுகில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரில் பெயர் எழுதியிருந்தார். ஒரு பட்டை இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாகக் கனமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. ஓரம் பிரிந்த இடத்தில் பழைய எழுத்துகள் தெரிந்தன. என்ன தாத்தா இது என்கிற மாதிரி பேச்சுக் கொடுத்தேன். கீழே இருப்பது டோனல்ட்சன், 2014இல் டொரான்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள், போன மறு வருடமே எம்விபி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதற்கு மேல் சேப்மன், ஓல்சன். 2022 மார்ச்சில் ஒரே வாரத்தில் இரண்டு பேரும் போனார்கள். நான் பார்த்த அன்றைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிய பட்டையில் ஒன்றும் எழுதவில்லை. "யார் பெயர் எழுதுவது? எழுதினால் அவனையும் அனுப்பிவிடுவார்கள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதே வாரம் நெவாடா சட்டமன்றம், எங்கள் அணி குடிபோக இருந்த லாஸ் வேகாஸ் மைதானத்துக்குப் பணம் ஒதுக்கியது. 2024 செப்டம்பர் 26, ஓக்லண்டில் நடந்த கடைசி ஆட்டத்துக்கும் போனேன். பார்ட் ரயில் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். அவர் வரவில்லை, அல்லது என் கண்ணில் படவில்லை.

கணக்குப்பிள்ளை

நான் நியூயார்க் மெட்ஸ் அணி ரசிகன். 2023இல் பந்து வீசும் ஷெர்சர், வெர்லாண்டர் இருவருக்கும் தலைக்கு வருடம் 43.3 மில்லியன் டாலர். ஆகஸ்டில் ஒரு ஆட்டத்துக்கு சீட் எடுத்து வைத்திருந்தேன், அதற்குள் ஒருவரை டெக்சஸுக்கும் இன்னொருவரை ஹூஸ்டனுக்கும் அனுப்பிவிட்டார்கள். போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். என் கதை அவ்வளவுதான்.

பாஸ்டன்வாசி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். டெவர்ஸ் ஒப்பந்தம் 10 வருடம், 313.5 மில்லியன். அதில் 250 மில்லியனுக்கு மேல் பாக்கி. அந்தச் சுமை ஜயண்ட்ஸ் தலைக்குப் போயாயிற்று. மூன்றாம் பேஸில் நிற்கிற இடத்தைப் புதிதாக வந்த ப்ரெக்மனுக்கு விடச் சொன்னபோதே முறுக்கினார். முதல் பேஸில் நின்ற கசாஸ் அடிபட்ட பிறகு அந்த இடத்துக்கு வா என்றால் அதற்கும் மாட்டேன் என்றார். நிர்வாகம் எத்தனை நாள் பொறுக்கும்?

பெட்ஸ் விஷயமும் அப்படித்தான். ஐபிஎல் ஏலம் மாதிரி இதற்கு மேல் செலவு பண்ணக்கூடாது என்று இங்கே கிடையாது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி. முதல் வருடம் 20 சதவீதம், அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாவது வருடத்திலிருந்து 50. ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் பழையபடி 20இல் ஆரம்பிக்கலாம். 2018, 2019 இரண்டிலும் பாஸ்டன் தாண்டியிருந்தது. 2020இல் கோடு 208 மில்லியன். அதனால்தான் பெட்ஸோடு டேவிட் பிரைஸையும் சேர்த்துத் தள்ளினார்கள்.

பணம் எப்போது கைக்குப் போகிறது என்பது இன்னொரு வித்தை. டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் ஒஹ்தானிக்கு 700 மில்லியன் என்று வாயைப் பிளக்கிறோம். அதில் 680 மில்லியன் பத்து வருட ஒப்பந்தம் முடிந்த பிறகுதான். ஆடுகிற காலத்தில் வருடத்துக்கு 2 மில்லியன். எங்கள் ஆட்கள் இதில் முன்னோடி. மெட்ஸுக்குக் கடைசியாக 1999இல் ஆடிய பாபி பொனியாவுக்கு 2011இலிருந்து ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் 1.19 மில்லியன் போகிறது. 2035 வரை போகும். எங்கள் வீட்டு லோன் அதற்கு முன்னால் முடிந்துவிடும்.

சட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஓய்வு பெற்றவர் பெயரில் வாங்குங்கள், அவரை யாரும் விற்க முடியாது. இப்போது ஆடுகிறவர்தான் வேண்டும் என்றால் ஜூலைக் கடைசி வாக்கில் வருகிற டிரேட் கெடு தாண்டும்வரை பொறுங்கள். அவர் லீகில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் இதே அணியில் இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் பண்ண முடியாது. ஒப்பந்தத்திலேயே டிரேட் மறுப்பு உரிமை எழுதி வாங்கியவர்களும் உண்டு. அதையெல்லாம் பார்த்துவிட்டு வாங்கினால் குழந்தைகள் ஏமாற மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நல்லது.

பாஸ்டன்வாசி

சார், எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்பந்தத்தைக் காட்டி, ஐந்து வருடம் ஆகிறதா என்று பார்த்துவிட்டு ஒருத்தரைப் பிடிக்கட்டுமா என்று கேட்கச் சொல்கிறீர்களா? கணக்கு எனக்கும் தெரியும். வரியைச் சேமித்தார்கள், சரி. சேமித்த காசு எனக்கா வந்தது? மறு வருடம் டிக்கெட் குறைந்ததா? பெட்ஸுக்குப் பதில் வந்த மூன்று பேரில் வெர்டூகோவும் டவுன்ஸும் இப்போது எங்களிடம் இல்லை. 2025இல் வோங் மட்டும்தான் மிச்சம். பெட்ஸ் அதே 2020 ஜூலையில் டாட்ஜர்ஸிடம் 12 வருடம், 365 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், அக்டோபரில் கப்பும் தூக்கினார்.

இடதுகை

அந்த அக்டோபரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்தேன். இழுத்துவிட்டீர்கள்.

டாம்பாவில் மூன்று வருடம் வேலை. 2020 அக்டோபர் 27, கப்புக்கான கடைசித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸோடு ஆறாவது ஆட்டம். எங்கள் ரேஸ் 1-0. பிளேக் ஸ்னெல் போடுகிறார். நானும் இடதுகைதான், காலேஜில் டென்னிஸ் பந்தில் போட்டவன், அதனால் ஸ்னெல் என்றால் ஒரு சொந்தம். டாட்ஜர்ஸின் பெட்ஸ், சீகர், டர்னர் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். ஆறுக்கு ஆறு. மொத்தம் ஒன்பது.

கொரோனா காலம், அப்பா தஞ்சாவூரில் தனியாக இருந்தார். அங்கே காலை. வீடியோ காலில் போனை டீவிக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தேன். அவருக்கு பேஸ்பால் ஒன்றும் தெரியாது, ஆனால் பந்து போடுகிறவன் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். "இவன் கை இன்னிக்கு வழவழன்னு வருதுடா" என்று அப்போதுதான் சொன்னார்.

ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். பார்ன்ஸ் ஒரு சிங்கிள். ஆட்டம் முழுக்க அது இரண்டாவது ஹிட்தான். ஸ்னெல் போட்டது 73 பந்து. அவரை நிறுத்த ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் வெளியே வருகிறார். ஸ்னெல் வாய் அசைகிறது, என்ன சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுத முடியாது.

"என்னாச்சு, அடிபட்டுருச்சா?" அப்பா கேட்டார்.

"இல்லப்பா. ஒரே ஆளை மூணாவது தடவை பார்த்தா பேட்ஸ்மேன் கண்டுபிடிச்சிருவான்னு ஒரு கணக்கு."

"நல்லா போடறவனை எவனாவது நிறுத்துவானா? யாருடா கேப்டன்?"

ஸ்னெல்லுக்குப் பதில் ஆண்டர்சன் போட வந்தார். பெட்ஸ் டபுள், ஒரே அடியில் இரண்டாம் பேஸ்வரை. கேட்சர் பிடிக்க முடியாத ஒரு வைல்ட் பிட்ச், 1-1. அடுத்து தரையோடு உருண்ட ஒரு கிரவுண்டரில் பெட்ஸ் பறந்து வந்து 2-1. கடைசியில் 3-1, கப் அவர்களுக்கு. அப்பா "சரி வச்சிர்றேன், பால்காரன் வந்துட்டான்" என்று வைத்துவிட்டார்.

வருடம் முடிவதற்குள் ஸ்னெல்லை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவும் கணக்குத்தான். கணக்குப்பிள்ளை சாருக்கு ஒன்று: மூன்றாவது சுற்று பற்றிய அந்தப் புள்ளிவிவரம் பொய் இல்லை, நானும் படித்திருக்கிறேன். ஆனால் அது ஆயிரம் ஆட்டத்துக்குச் சரி. அன்றைக்கு அந்தக் கை எப்படி வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் போட்டாலே கைதட்டுகிறார்கள். எல்லோரும் முழு வேகத்தில் வீசுகிறார்கள், முழங்கை போகிறது, டாமி ஜான் ஆபரேஷன். பிட்சர் டிகிராமுக்கு டெக்சஸ் 5 வருடத்துக்கு 185 மில்லியன் கொடுத்தது, முதல் வருடம் ஆறு ஆட்டம் போட்டார், ஆபரேஷனுக்குப் போனார்.

ஸ்கார்பரோக்காரன்

எல்லாரும் இருந்தவனை இழந்த கதை சொல்லுறியள். வராதவனை இழந்த கதை ஒன்று நான் சொல்லட்டே?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. அனஹைமுக்குப் பக்கத்தில இருந்து ஒரு தனி விமானம் டொரான்டோவுக்கு வெளிக்கிட்டது. ஒஹ்தானி அதுக்குள்ள, எங்கட ப்ளூ ஜேஸ் அணியில சேர வாறார் எண்டு கதை. நான் வேர்ஹவுஸில் ஷிஃப்ட். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் போனில் வரைபடம், அதில் ஒரு குட்டி மஞ்சள் விமானம். நானும் இன்னும் ஆறு பெடியளும். ஒருத்தன் இடியப்பப் பெட்டியைத் திறந்தபடியே மறந்துபோனான். சூப்பர்வைசர் வந்தார், எங்களை ஏசப்போறார் எண்டு பார்த்தால் அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒருத்தரும் கதைக்கவில்லை. மஞ்சள் விமானம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்டாரியோவுக்குள் வருகுது.

இறங்கினது ராபர்ட் ஹெர்யாவெக். தொலைக்காட்சியில் வருகிற தொழிலதிபர். மறுநாள் ஒஹ்தானி டாட்ஜர்ஸ் எண்டு அறிவித்தார்.

இப்ப நினைச்சால் சிரிப்புத்தான் வருது, ஆனால் 2025 நவம்பர் 1 வந்தது. டாட்ஜர்ஸோட வேர்ல்ட் சீரிஸ், ஏழாவது, கடைசி ஆட்டம், எங்கட மண்ணில். டாட்ஜர்ஸுக்கு முதல் பந்து போட வந்தவர் அதே ஒஹ்தானி. எங்கட பிஷெட் அவற்ற பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தபோது நான் சோபாவில் ஏறி நிண்டு கத்தினேன், மகள் வீடியோ எடுத்து வைச்சிருக்கிறாள். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கப் எங்கட. டாட்ஜர்ஸின் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தார், சமம்.

இடதுகைத் தம்பி, உங்கட ஸ்னெல்லும் அண்டைக்கு டாட்ஜர்ஸுக்காகப் போட்டவர். பிறகு வந்தவர் யமமோட்டோ. முதல் நாள் 96 பந்து போட்ட மனுசன். உங்கட கெவின் கேஷின் கணக்குப்படி அவர் அண்டைக்கு வீட்டில படுத்திருக்க வேணும். பதினொராவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 5-4. எங்கட கர்க் அடித்த பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. ஷார்ட்ஸ்டாப் ஆர்? பாஸ்டன்வாசி அண்ணையின் பெட்ஸ். இரண்டாம் பேஸை மிதித்துப்போட்டு முதல் பேஸுக்கு எறிஞ்சார். ஒரே பந்தில் இரண்டு அவுட், முடிஞ்சுது.

மகள் அந்த வீடியோவை இன்னும் அழிக்க விடுகிறாள் இல்லை.

பச்சைச்சட்டை

முதல் பேஸில் அதைப் பிடித்தது ஃப்ரீமன். முன்னால் அட்லாண்டாவில் ஆடியவர். அட்லாண்டா அவரை விட்டது எங்கள் ஓல்சன் கிடைத்ததால். அந்தப் பெரியவரின் பிளாஸ்திரியில் கடைசியாக எழுதியிருந்த பெயர்.

பாஸ்டன்வாசி

ஐயோ, பெட்ஸ் அந்த பேஸை மிதித்தபோது நான் கைதட்டினேன். மன்னிக்கணும் ஸ்கார்பரோ அண்ணே.

பையனுக்குப் பிளாஸ்திரிக் கதையைப் படித்துக் காட்டினேன். பதினொன்றாம் நம்பர் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். இப்போது கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வீட்டில் பிளாஸ்திரி இருக்கா என்று கேட்கிறான். யார் பெயர் எழுதப்போகிறான் என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

கணக்குப்பிள்ளை

பிளாஸ்திரி ஒரு துவைப்புக்குத் தாங்காது. தையல் சாமான் கடையில் இஸ்திரி வைத்து ஒட்டுகிற துணிப்பட்டை கிடைக்கும், அதை வாங்குங்கள். சட்டை பாலியெஸ்டர் என்றால் சூட்டைக் குறைத்து வைக்கவும். சட்டை குட்டையாகிவிட்டது என்கிறீர்களே, அதனால்தான் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கச் சொன்னேன்.